நீர்முள்ளியா, கழுதைமுள்ளியா: படத்தைப் பார்த்துப் பூவுக்குப் பெயர் சொல்வது

கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் வாய்க்கால் ஓரத்தில் எடுத்த ஊதாப்பூ ஒன்றையும் கல்லடிக் கடற்கரை மணலில் எடுத்த மஞ்சள் பூ ஒன்றையும் போட்டு, இவற்றின் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். ஊதாப்பூவின் முழுப் படத்தைக் கொடுத்தபோது கைபேசிச் செயலி நீர்முள்ளி என்றதாம். பூவை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுத்தபோது கழுதைமுள்ளி என்றதாம். மஞ்சள் பூவுக்கு நான்கு பெயர்களைக் காட்டிவிட்டு நின்றுவிட்டதாம். கடைசி வரியில், ஊதாப்பூச் செடியை அவித்துக் குடித்தால் நீர்க்கடுப்பு மாறும் என்று அம்மம்மா சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயரைக் கேட்டாலும், உங்கள் கேள்விக்குள் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்: படத்தை வைத்துச் சொல்லும் பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம், அதை நம்பி ஒரு செடியை அடுப்பில் ஏற்றலாமா?

நான் பேராதனையில் தாவரவியல் படித்து, மட்டக்களப்பில் நெடுங்காலம் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தவன். வாவிக்கரையிலும் வட்டைகளிலும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு திரிந்து செடி பார்த்த பழக்கத்தில் இதைச் சொல்கிறேன்.

முதல் படத்தில் இருப்பது நீர்முள்ளி. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பூவை வைத்து இந்த முடிவுக்கு வரவில்லை, காற்றில் ஆடிய பூ தெளிவில்லாமல்தான் விழுந்திருக்கிறது. அதற்குப் பின்னால் தெரியும் தண்டைப் பாருங்கள். கணுவைச் சுற்றி இலைகள் கூட்டமாக நிற்கின்றன. அவற்றின் கக்கத்திலிருந்து மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் நேரான, நீண்ட முட்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பூவும் அதே கணுவில், முட்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. இலை ஒடுங்கி நீண்டு, ஓரத்தில் முள்ளே இல்லாமல், மேலே சொரசொரப்பான மயிருடன் இருக்கிறது. இவை எல்லாம் ஒரே செடியில் சேர்ந்தால் நம் பகுதியில் அது நீர்முள்ளிதான்.

கழுதைமுள்ளியும் அதே குடும்பத்துச் செடி. பூவின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் அதன் இலை தடித்து, பளபளத்து, ஓரம் வெட்டுண்டு, ஒவ்வொரு வெட்டின் நுனியிலும் ஒரு முள்ளோடு இருக்கும். பூக்கள் கணுவைச் சுற்றி நிற்காமல் கிளையின் நுனியில் கதிராக எழும். ஒரு பூவை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் நன்றாகத் தெரியும். நீர்முள்ளிக்கு மேலுதடு, கீழுதடு இரண்டும் உண்டு, கீழுதட்டின் நடுவில் மஞ்சள் பொட்டுகள் இருக்கும். கழுதைமுள்ளிக்கு மேலுதடு கிடையாது. அகன்ற கீழுதடு ஒன்று மட்டும் நாக்கை நீட்டினாற்போலத் தொங்கும், அதன் மேல் மகரந்தம் தாங்கும் நான்கு கேசரங்களும் மூடாக்கு இல்லாமல் வெளியே நிற்கும். காய்த்திருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். நீர்முள்ளி விதையை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், சற்று நேரத்தில் வழுவழுவென்று பசையாகி ஒட்டிக்கொள்ளும்.

இடத்தையும் சொல்ல வேண்டும். கழுதைமுள்ளி கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களோடு உவர்நீரில் வாழ்வது. இலையில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் இருப்பதால், வெயில் நாளில் இலைமேல் உப்புப் படிந்திருப்பதை விரலால் தொட்டே அறியலாம். நீர்முள்ளி வாய்க்கால், குளக்கரை, வயல்வரம்பு என்று நன்னீரை அண்டி நிற்பது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமே என்று தோன்றும். மட்டக்களப்பில் அது சரிவராது. நம் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது, கடலோடு சேருவது பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும்தான். மாரி வெள்ளம் வந்தால் பல இடங்களில் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வயல் வாவியை நெருங்கி வரும் இடங்களில் இரண்டு செடியும் கூப்பிடு தூரத்துக்குள் நிற்கக்கூடும். ஆகவே இடத்தைத் துணைச்சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், முதற்சாட்சி செடியின் உடம்பாகவே இருக்கட்டும். நிழலில் வளரும் கழுதைமுள்ளியில் முள்ளே இல்லாத இலைகளும் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது இலையை மட்டும் பார்த்தவர் ஏமாறுவார், பூவின் உதட்டைப் பார்த்தவர் தப்பிவிடுவார்.

செயலி ஏன் தடுமாறியது என்பதும் இதிலிருந்தே விளங்கும். முழுப் படத்தில் கணுவும் முள்ளும் இருந்தன, வெட்டிய படத்தில் ஊதா நிறம் மட்டும்தான் மிஞ்சியது. கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் எல்லாமே அடிப்படையில் ஒரே வேலையைச் செய்பவை: ஏற்கனவே பெயர் இடப்பட்ட படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிட்டு, கிட்டியதை முன்னே வைப்பவை. எந்தச் செடிக்கு உலகத்தில் அதிகம் படம் இருக்கிறதோ அதன் பக்கம் சாய்வது அவற்றின் இயல்பு. கூகுள் லென்ஸ் பொதுவான படத் தேடல், இடத்தைப் பற்றி அது பெரிதாகக் கவலைப்படாது. பிளான்ட்நெட்டில் எந்த நாட்டுத் தாவரங்களுக்குள் தேட வேண்டும் என்று நாமே சொல்லலாம். 2008 இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்டில் செயலியின் ஊகத்துக்கு மேல் மனிதர்களும் வந்து பார்த்துப் பெயர் சொல்வார்கள், அப்படிச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் பதிவு ஆய்வுத் தரம் பெறும். இந்த மூன்று செயலிகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

செயலி சொல்லும் பெயரைச் சரிபார்க்க ஊரைப் பற்றிய அறிவு கொஞ்சம் வேண்டும். இலங்கையில் இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்கள் ஏறத்தாழ 3,150 இனங்கள். அவற்றில் 900 அளவில் உலகில் வேறெங்கும் இல்லாதவை, ஆனால் அவற்றில் பெரும்பகுதி தென்மேற்கு ஈரவலயத்திலும் மலைநாட்டிலும்தான். நம் கிழக்குக் கரையின் உலர்நிலச் செடிகளில் மிகப் பல தென்னிந்தியாவிலும் உண்டு. எனவே திருக்கோவில் மணலில் எடுத்த பூவுக்குச் செயலி மலைக்காட்டு அபூர்வச் செடியின் பெயரைச் சொன்னால் சந்தேகப்படுங்கள், தமிழ்நாட்டுக் கரையோரச் செடியின் பெயரைச் சொன்னால் நின்று பாருங்கள். அமெரிக்கச் செடி என்று சொன்னால் உடனே தள்ளிவிடவும் கூடாது. நாயுண்ணி, தொட்டாச்சுருங்கி, வேலியோரத்து வெட்டுக்காயப்பூண்டு, வாவியையும் குளங்களையும் மூடும் ஆற்றுவாழை, பார்த்தீனியம் எல்லாமே அந்தப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றியவைதான்.

நிறத்தை நம்பிப் பெயர் வைப்பதால் வரும் குழப்பத்துக்கு நாட்டளவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1986 இல் நீல அல்லியான நீலோற்பலம் இலங்கையின் தேசிய மலரானது. அலங்காரத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட செடிகளின் வழியில் வந்த ஊதாப்பூ அல்லி ஒன்று நாடெங்கும் நீர்நிலைகளில் பரவி, அதன் படமே நீலோற்பலம் என்று பல இடங்களில் போடப்பட்டுவந்தது. அது நம் சுதேச அல்லி அல்ல என்று பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள்தான் எடுத்துக்காட்டினார்கள். அம்பாறைக் குளங்களில் அல்லி பார்க்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பழைய சுதேசச் செடி எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்தால்தான் அதைக் காப்பாற்றவும் முடியும்.

இனி மஞ்சள் பூ. நேர் மேலிருந்து எடுத்திருக்கிறீர்கள். ஐந்து இதழ், வெயிலில் வெளிறிப்போன நடுப்பகுதி, சுற்றிலும் மணல், இலை ஒன்றின் நுனி மட்டும். இந்தப் படத்திலிருந்து இனத்தைச் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று யாராவது வந்தால் அது ஊகம். ஆனால் சாத்தியங்களைக் குறைக்கலாம். கல்லடி மணலில் ஐந்து இதழ் மஞ்சள் பூ என்றால் நான் முதலில் நினைப்பது நெருஞ்சி, அடுத்துச் சிற்றாமுட்டி வகை, துத்தி, பிறகு தோட்டங்களிலிருந்து வெளியே பரவிய டர்னெரா. நெருஞ்சி நிலத்தோடு படர்வது, ஒரு காம்பில் சிற்றிலைகள் சோடி சோடியாக இருக்கும், பக்கத்தில் தேடினால் முட்காய் கட்டாயம் அகப்படும். சிற்றாமுட்டியிலும் துத்தியிலும் கேசரங்கள் எல்லாம் ஒரே தண்டாக ஒட்டி நடுவில் நிற்கும், நம் செம்பரத்தையில் பார்ப்பதன் சிறிய வடிவம் அது. சிற்றாமுட்டியின் இதழ் ஒரு பக்கம் சரிந்து கோணலாக இருக்கும். துத்திக்கு இலை இதய வடிவில் பட்டுப்போல இருக்கும், காய் பல பிரிவுகளாக வட்டமாய் அடுக்கியிருக்கும். டர்னெராவுக்கு இலையின் அடியில் இரண்டு சின்னச் சுரப்பிப் பொட்டுகள் இருக்கும். அதன் பூக்காம்பு இலைக்காம்போடு ஒட்டியிருப்பதால் பூ இலைமேலேயே பூத்ததுபோலத் தோன்றும். உங்கள் படத்தில் தெரியும் இலை நுனி பல்வெட்டுள்ள தனி இலை, ஆகவே நெருஞ்சியைத் தள்ளிவிடலாம். மற்ற மூன்றும் மீதி.

பூத்திருந்த நேரத்தை எழுதியிருந்தால் அதுகூட உதவியிருக்கும். டர்னெரா காலையில் விரிந்து நண்பகலோடு சுருங்கிவிடும். துத்தி மறுதலையாகப் பின்னேரம்தான் நன்றாக விரியும். படம் எடுத்த நேரமும் இடமும் கைபேசி தானாகவே படத்துக்குள் பதிந்து வைத்திருக்கும், ஆனால் வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்த விபரம் போய்விடும், படமும் நசுங்கிவிடும். ஆவணம் என்ற வழியில் அனுப்பினால் இரண்டும் தப்பும்.

ஒரு செடியை அடையாளம் காண வேண்டுமானால் ஒரு படம் போதாது. முதலில் தள்ளி நின்று முழுச் செடியையும் அது நிற்கும் நிலத்தையும் எடுங்கள்: நிமிர்ந்ததா, படர்ந்ததா, ஏறுகொடியா, மணலா, சேறா என்பதெல்லாம் அதில் வந்துவிடும். அடுத்துத் தண்டில் இலை எப்படி அமைந்திருக்கிறது என்று எடுங்கள். எதிரெதிரே சோடியாகவா, ஒன்றுவிட்டு ஒன்றாகவா, கணுவைச் சுற்றியா என்பது பாதிக் குடும்பங்களை ஒரே அடியில் தள்ளிவிடும். இலையின் மேற்புறம் எடுப்பதோடு நின்றுவிடாமல் பிரட்டிப் பிடித்து அடிப்புறத்தையும் எடுங்கள். பூவை எதிரிலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்புறம் இதழ்களுக்கு வெளியே இருக்கும் புல்லிகள் தெரிய ஒன்று. பின்புறப் படத்தை யாரும் எடுப்பதில்லை, எனக்கோ பெரும்பாலும் அதுதான் தேவைப்படுகிறது. காய் இருந்தால் காயை விடவே கூடாது. மஞ்சள் அவரைப்பூ வடிவில் மணலில் நிற்கும் கிலுகிலுப்பைகளில், இலை தனியிலையாக நுனி வெட்டுண்டிருந்தால் ஓர் இனம், மூன்று சிற்றிலையாக இருந்தால் வேறோர் இனம், பூ மட்டும் வந்த படத்தில் இரண்டும் ஒன்றே. அதேபோலக் கடற்கரையில் இளஞ்சிவப்பாய்ப் படர்ந்திருப்பதையெல்லாம் அடம்பன் என்று சொல்லிவிடுகிறோம். இலை நுனி பிளந்திருந்தால்தான் அது அடம்பன், மூன்று சிற்றிலை இருந்தால் கடற்கரை அவரை.

அளவு தெரிய ஒரு நாணயக்குற்றியோ விரலோ பக்கத்தில் இருக்கட்டும். உச்சி வெயிலில் எடுத்தால் மஞ்சளும் சிவப்பும் ஒரே பூச்சாகக் கரைந்து உள்விபரம் போய்விடும், உங்கள் மஞ்சள் பூவுக்கு நடந்ததும் அதுதான். செடிக்குக் குடையால் நிழல் பிடித்து எடுங்கள். ஊதாவைக் கைபேசி பலமுறை நீலமாக்கிவிடும், ஆகையால் கண்ணால் கண்ட நிறத்தைச் சொல்லில் எழுதிவையுங்கள். கசக்கினால் வாசனை உண்டா, ஒடித்தால் பால் வருகிறதா, தண்டு ஒட்டுகிறதா என்பவை எந்தப் படத்திலும் வராது. நாய்க்கடுகை நான் கண்ணை விடக் கையால்தான் அறிகிறேன், அதன் தண்டும் காயும் பிசுபிசுவென்று ஒட்டும். ஆனால் வாவிக்கரைக் கண்டல்களுக்குள் எதையும் ஒடிக்க வேண்டாம். அங்கே தில்லை நிற்கும், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படுவான்கரையில் காட்டோரமாகப் பின்னேரம் போகிறவர்கள் யானையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பூ மறுநாளும் இருக்கும்.

இவ்வளவு எடுத்தாலும் சிலவற்றில் படம் தோற்கும். குடும்பம், சாதி, இனம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையில், நல்ல படத்திலிருந்து குடும்பத்தைப் பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம், சாதியைப் பல தடவை சொல்லலாம், இனத்தை எல்லா நேரமும் சொல்ல முடியாது. புற்கள், கோரைகள், நிலத்தோடு கிடக்கும் சின்ன அவரைக் குடும்பத்துச் செடிகள், சிற்றாமுட்டிக் கூட்டம் ஆகியவற்றில் உருப்பெருக்கிக் கண்ணாடியும் செடியும் கையில் வேண்டும். கானாவாழையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெரிய நீல இதழும் ஒரு சிறிய இதழும் கண்டால் அந்தச் சாதி என்பது உறுதி. எந்த இனம் என்பதற்குப் பூவைப் பொதிந்திருக்கும் மடலைப் பார்க்க வேண்டும்: அடியில் ஒட்டிப் புனலாக இருக்கிறதா, மடித்த இலையாகத் திறந்திருக்கிறதா? மடல் படத்தில் இல்லையென்றால் சாதியோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. பாதிப் பெயர் தவறான முழுப் பெயரைவிட மேல்.

அம்மம்மாவின் விடயத்துக்கு வருகிறேன். நீர்முள்ளி சித்த மருத்துவத்தில் சிறுநீர் சம்பந்தமான குறைகளுக்குப் பயன்பட்டு வருவது உண்மை, அவர் சொல்வது பழைய வழக்கம்தான். என்றாலும் நான் பெயர் சொன்னது படத்தில் இருந்த செடிக்கு. நாளை வாய்க்காலில் நீங்கள் பிடுங்கப் போகும் செடி வேறொன்றாக இருக்கலாம். செடியை வேரோடு கொண்டுபோய் அம்மம்மாவிடமும், அதைக் கையாண்டு பழகிய நாட்டு வைத்தியரான பரிசாரியிடமும் நேரே காட்டுங்கள். வயல் வாய்க்கால் என்பதால் களைகொல்லியும் பூச்சிமருந்தும் அடித்த தண்ணீர் அந்தச் செடியைத் தொட்டிருக்கும் என்பதையும் யோசியுங்கள். நீர்க்கடுப்பு கிருமித் தொற்றாலும் வரும், காய்ச்சலோ முதுகு நோவோ சேர்ந்திருந்தால் வைத்தியசாலைக்குப் போய்ச் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். படம் பார்த்துச் சொன்ன பெயரை நம்பி எந்தச் செடியையும் வாயில் வைக்கக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம் கார்த்திகைப்பூ. மாரியோடு பூக்கும் அதைப்போலப் படத்தில் எளிதாகப் பிடிபடும் பூ வேறில்லை: பின்னோக்கி வளைந்த ஆறு நெளி இதழ்கள், பக்கவாட்டில் மடிந்த சூல்தண்டு, நுனி சுருண்டு பற்றிக்கொள்ளும் இலை. ஆனால் பூ முடிந்து கொடி காய்ந்த பிறகு நிலத்துக்குள் மிஞ்சும் கிழங்கைக் கண்டு வள்ளிக்கிழங்கு என்று அவித்துத் தின்றவர்கள் இந்த நாட்டில் உண்டு. அதிலுள்ள கொல்கிசின் என்ற நஞ்சு அவித்தாலும் போகாது. பூவைத் தெரிந்திருப்பது கிழங்கைத் தெரிந்திருப்பதாகிவிடாது.

படத்தால் தீராததை மாதிரியால் தீர்க்கலாம். பூவும் இலையும் முடிந்தால் காயும் உள்ள ஒரு கிளையைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் விரித்து வைத்து, மேலே பாரமேற்றி, தாளை நாளுக்கு நாள் மாற்றினால் ஒரு கிழமையளவில் காய்ந்துவிடும். ஓர் இலையை அடிப்புறம் மேலே தெரியப் பிரட்டி வையுங்கள். எடுத்த திகதி, ஊர், நிலத்தின் தன்மை, செடியின் உயரம், பூவின் உண்மை நிறம் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிக் கூடவே வைத்துவிடுங்கள். காய்ந்த பின் முதலில் போவது நிறம்தான். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் துறையோ, அம்பாறைப் பக்கத்தவருக்குச் சம்மாந்துறையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமோ கிட்ட உள்ளவை. அங்கும் முடியாததைப் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் இருக்கும் தேசிய உலர்தாவரச் சேகரிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். லகுகல, குமண, கல்லோயா போன்ற காப்பிடங்களுக்குள் மட்டும் எதையும் பறிக்க வேண்டாம், 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. அங்கே படம்தான் வழி, ஆகவே பின்புறமும் அடிப்புறமும் சேர்த்து நிறையவே எடுத்து வாருங்கள்.